நாக்கு செத்த வாரம்

என் அத்தை எந்த மிட்டாயையும் நேராக வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. உறையைப் பிரிப்பாள், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள், நுனி நாக்கால் ஒரு தொடு தொடுவாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நிற்பாள். அதற்கப்புறம்தான் அது வாய்க்குள் போகும், அல்லது திரும்ப உறைக்குள். எனக்கு முன்பல் விழுந்த காலத்திலிருந்து நான் கல்லூரி முடிக்கிற வரைக்கும் இது மாறவில்லை. கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன், பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், ஒருமுறை பல் மருத்துவர் அறையின் வாசலில்கூட.

அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். மிட்டாய்த் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் பத்தொன்பது வருடம். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் ‘நாக்கு’. ஒரு கொதியில், அதாவது ஒரே தடவையில் காய்ச்சிய பாகில், புளிப்பு ஏறிவிட்டதோ, வாசனை குறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் மேற்பார்வையாளர் அவளைத்தான் கூப்பிடுவாராம். “நாக்கு சரின்னு சொன்னா சரி.” இதை எங்களிடம் சொல்லும்போது மட்டும் அத்தையின் முதுகு நிமிரும்.

மற்றபடி அவளுக்கு எதைப் பார்த்தாலும் பயம். லிஃப்டுக்குப் பயம், தெரியாத எண்ணிலிருந்து வரும் போனுக்குப் பயம், சீருடை போட்ட யாரைப் பார்த்தாலும் பயம். “உங்க அத்தை தன் நிழல் பின்னாடி வந்தாலே யாருங்கன்னு கேப்பா” என்று அப்பா கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு திருட்டுத்தனம் செய்தாள். பெல்ட்டில் ஓடும்போது உடைகிற மிட்டாய்களைத் தனியாக ஒரு மூட்டையில் கொட்டுவார்கள். எல்லா நிறமும், எல்லா ருசியும் ஒன்றாகக் கிடக்கும் அந்த மூட்டைக்கு ‘நொறுக்கு’ என்று பெயர். அதை மறுபடி உருக்குவார்கள். ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது என்பது விதி. பிடிபட்டால் வேலை போய்விடும். ஆனாலும் பேக்கிங் பிரிவில் பாதிப்பேர் டிபன் கேரியரின் அடித்தட்டில் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவதுதான் வழக்கம். அத்தையும் கொண்டு வருவாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நிற்பாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். “இதோட விட்டுடணும்டி” என்பாள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே சுவர், அதே வாக்கியம்.

சனிக்கிழமை செய்தித்தாளை விரித்து நொறுக்கைக் கொட்டுவாள். முதலில் நிறம் பார்த்துப் பிரிப்பாள், அப்புறம் நாக்கால் தொட்டுப் பிரிப்பாள். சிவப்பில் இரண்டு ருசி, பச்சையில் மூன்று. பிரித்த துண்டுகளைத் துணியில் முடிந்து சுத்தியலால் தட்டுவாள். மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையும் சேர்த்துப் பிசைந்த மாவை வட்டமாக வெட்டி, நடுவில் பாட்டில் மூடியால் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் மிட்டாய்த் தூளை நிரப்பி ஓவனில் வைப்பாள். பன்னிரண்டு நிமிடத்தில் தூள் உருகி ஓட்டை முழுக்கக் கண்ணாடி போலப் பரவியிருக்கும். ஆறும் வரை தொடக் கூடாது. ஆறிய பிறகு எடுத்துப் பார்த்தால் பிஸ்கட்டின் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். கட்டடத்துப் பிள்ளைகள் அதை ஜன்னல் பிஸ்கட் என்பார்கள்.

அதற்கு முதல் ரசிகை இரண்டாம் மாடியில் இருந்த பொடிசு. நாலு வயது. அவள் அம்மா பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தாள். பொடிசு பிஸ்கட்டை உடனே தின்ன மாட்டாள். ஜன்னலைக் கண்ணில் வைத்து எங்கள் எல்லோரையும் மஞ்சளாகப் பார்த்த பிறகுதான் கடிப்பாள். அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. இரண்டு வயதில் ஒரு பருப்பைத் தின்று முகமே வீங்கி, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தாள். அந்தக் கட்டடத்தில் இதைத் தெரியாதவர்களே கிடையாது. அதனால் அத்தை அவளுக்கென்று தனித் தட்டு வைத்திருந்தாள், தனிக் கிண்ணம் வைத்திருந்தாள். அதில் எலுமிச்சை மிட்டாய் மட்டும்தான்.

அந்த வாரம் அத்தைக்குச் சளி பிடித்திருந்தது. வியாழக்கிழமை காலை அம்மா வைத்த சூப்பில் உப்பு கரித்தது. நானும் அப்பாவும் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கிக்கொண்டிருந்தோம். அத்தை நிமிர்ந்து பார்க்காமல், “உப்பே இல்லையே” என்றாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, கிண்ணத்தைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டாள். மறுநாள் தொழிற்சாலையில் ஒரு கொதியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றுமே தெரியவில்லையாம், ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். இதை அவள் என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

சனிக்கிழமை அவள் நொறுக்கைப் பிரித்த மேசையில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், வேதியியல். வேலை தேடிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு விண்ணப்பம். உங்கள் பலம் என்ன என்று கேட்டிருந்த கட்டத்தில் ‘கூர்ந்த கவனம்’ என்று எழுதினேன். அத்தை அன்றைக்கு வேகமாகப் பிரித்தாள். நாக்கில் தொட்டாள், ஆனால் கண்ணை மூடவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த கட்டத்தை நிரப்பினேன்.

பொடிசுடைய தட்டில் ஐந்து பிஸ்கட்டுகள் வந்தன. இரண்டின் ஜன்னல் தெளிவாக இருந்தது. மூன்றில் லேசான கலங்கல். நான்தான் கேட்டேன், ஏன் அத்தை இப்படி என்று. சூடு தூக்கிவிட்டது என்றாள். பொடிசின் அம்மாவுக்குச் சனிக்கிழமையும் வேலை என்பதால் பிள்ளை அப்போது நாலாம் மாடியில் இருந்தாள். அங்கே இருந்த அக்கா வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், தனி ஆள், அதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஐந்து பிஸ்கட்டையும் காகிதப் பையில் போட்டு மேலே கொடுத்துவிட்டு வந்தாள் அத்தை.

அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. படியில் யாரோ இரண்டிரண்டாகத் தாவி இறங்கும் சத்தம். நாலாம் மாடி அக்கா பொடிசைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றாள். பிள்ளையின் வாயிலிருந்து எச்சில் வழிந்தது. மூச்சு இழுக்கும்போது விசில் போல ஒரு ஒலி.

“மிட்டாய் மாட்டிக்கிச்சு. தட்டித் தட்டிப் பாத்துட்டேன், வெளிய வரல.”

அவள் கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. அத்தை அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. எதற்காக என்று அப்போது தெரியவில்லை. பிஸ்கட்டைக் கீழே போட்டாள், பிள்ளையைப் பறித்தாள், ஓடினாள். மற்றப் பிள்ளைகள் மேலே தனியாக இருக்கிறார்கள் என்று அக்கா திரும்பிப் போனாள். நான் அத்தை பின்னால் ஓடினேன்.

மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. செருப்புக்கூட இல்லாமல் ஓடினாள் அத்தை. சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கிறவள் அன்றைக்கு எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. அந்த விசில் ஒலி எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் அது கேட்கவில்லை. மறுபடி கேட்டது.

அறைக்குள் டாக்டரம்மா பிள்ளையின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். நர்ஸ் முகமூடியைப் பொருத்தினாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு, மிட்டாய் வைத்த பிஸ்கட், கெட்டி மிட்டாய், தொண்டையில் மாட்டியிருக்கும் என்றேன். டாக்டரம்மா நர்ஸிடம் ஏதோ குழாய்க் கருவியை எடுக்கச் சொன்னார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“மாட்டினதைக் கண்ணால பாத்தீங்களா? ஒத்துக்காதது எதையாவது சாப்பிட்டாளா? யாராவது ஒருத்தர் சரியா சொல்லுங்க.”

அத்தை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மாட்டல டாக்டர். வேர்க்கடலை. இவளுக்கு அது ஆகாது. எனக்கு நாலு நாளா நாக்கு செத்துக் கெடக்கு. ருசி தெரியாமயே பிரிச்சேன். நான்தான்.”

டாக்டரம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. ஊசி தொடையில் இறங்கியது. எங்களை வெளியே போகச் சொல்லித் திரை இழுத்தார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அத்தை மெதுவாகச் சொன்னாள். இந்த மாதம் புதிதாக ஒரு மிட்டாய் போட்டிருக்கிறார்கள், எலுமிச்சை மாதிரியே மஞ்சள் ஓடு, உள்ளே கடலைப் பொடி. உடைந்தால் பொடி உதிர்ந்துவிடும், வெறும் ஓடு கிடக்கும். பிரிக்கும்போது கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். உருகிய பிறகுதான் ஓட்டில் ஒட்டியிருந்த பொடி கலங்கலாகத் தெரியும். சொல்லிவிட்டு, “செத்துட்டாளா பாருடி” என்றாள். திரையின் இடுக்கு வழியாக நான் பார்த்தேன். நர்ஸின் முதுகு தெரிந்தது, பிள்ளையின் ஒரு பாதம் தெரிந்தது. பாதம் அசையவில்லை. பார்த்ததை அத்தையிடம் என்னவென்று சொல்வது? தெரியவில்லை என்றேன். வேதியியலில் நான் படித்த எதுவும் அந்தப் பெஞ்சில் உதவவில்லை.

எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. திரைக்குள்ளிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. கோபமான, முழு மூச்சு வாங்கி அழுகிற அழுகை. அத்தை முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து சேர்ந்தாள். பார்த்துக்கொள்ளும் மற்ற மூன்று பிள்ளைகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால். அடுத்து பொடிசின் அம்மா, கவுண்டர் அடையாள அட்டை கழுத்தில் தொங்க. டாக்டரம்மா வெளியே வந்து, பிள்ளை தப்பித்துவிட்டாள், இன்றிரவு இங்கேயே இருக்கட்டும், வேர்க்கடலைதான் காரணம் என்று சொல்லிவிட்டு, வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்ததால் வேகமாக நகர்ந்துவிட்டார்.

“கடலையை யாரு குடுத்தது?” என்றாள் பொடிசின் அம்மா. அவள் பார்த்தது அக்காவை.

அக்கா யோசித்தாள். அவள் யோசித்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. வரிசையில் இருந்த பெரிய பையனைப் பார்த்தாள். அவன் டப்பாவில் அன்றைக்குக் கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி இருந்ததாம். அத்தையின் தனித் தட்டு பிஸ்கட் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. “நான் தனியாதான் உக்கார வெச்சேன். ஆனா நடுவுல பால் காய்ச்ச உள்ள போனேன். அப்ப இவ அவன்கிட்ட போயிருப்பா போல. நான் கவனிச்சிருக்கணும்.”

பொடிசின் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உங்கள நம்பித்தானக்கா விட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

அத்தை எழுந்தாள். வாயைத் திறந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், “நாளைக்குச் சொல்லிடுறேன். இன்னைக்குக் கை கால் ஆடுது” என்றாள். நானும் தலையாட்டினேன். சொன்னால் நொறுக்கு வெளியே வந்தது தெரிந்துவிடும், வேலை போகும். அதைவிடப் பெரிய பயம், பொடிசு இனி எங்கள் வாசலை மிதிக்க மாட்டாள். உள்ளே டாக்டரிடம் ஒரு நொடியும் யோசிக்காமல் சொன்னவள்தான். பிள்ளை பிழைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு அந்தத் தைரியம் எங்கே போனது? அவளிடம் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. சூப்பையும் கலங்கலையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாத நான், அந்தப் பெஞ்சில் அவள் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாதத்தில் நாலாம் மாடியில் ஒரு பிள்ளையும் இல்லை. பெற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். அக்கா ஒரு அலுவலகக் கட்டடத்தில் தரை துடைக்கப் போனாள். அத்தை நொறுக்கு கொண்டு வருவதை நிறுத்தினாள், பிஸ்கட் சுடுவதையும் நிறுத்தினாள். சளி போய் நாக்கு திரும்பியது. ஆனால் தொழிற்சாலையில் கூப்பிட்டால், வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்று ஒதுங்கிவிட்டாள். வாரா வாரம் நாலாம் மாடிக்கு ஏறுவாள். மருந்து வாங்கிக் கொடுப்பாள், அக்காவின் துணியைத் துவைத்துக் கொடுப்பாள், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். இறங்கி வந்ததும் நான் முகத்தைப் பார்ப்பேன். “அடுத்த ஞாயித்துக்கிழமை” என்பாள். இப்படி இரண்டரை வருடம். ஒரு செவ்வாய்க்கிழமை பேக்கிங் மேசையிலேயே சரிந்து விழுந்தாள். இதயம் என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாவது நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலை கிடைத்ததா என்று என்னைக் கேட்டாள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் கிடைத்திருக்கிறது என்றேன். சந்தோஷம் என்றாள். பிறகு அத்தையின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இந்தக் கட்டடமே என்னைப் பேசுச்சு கண்ணு. உங்கத்தை ஒருத்திதான் என் மேல தப்பு இல்லேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான்தான் நம்பல.”

தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குள் போனேன். திரும்பி வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று, அத்தை சொல்லாமல் போன அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அக்கா தண்ணீரை வாங்கிக் குடித்தாள், டம்ளரை என் கையில் கொடுத்தாள், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் போனாள். அந்தப் பிள்ளையின் வாய்க்குக் கடலை போனது தன்னால்தான் என்றே அவள் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.