மூன்று எண்ணுவதற்குள்

எனக்குத் திக்குவாய். பதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுத்தால் போதும், அதிகம் பேச வேண்டியதில்லை. பேசியே ஆக வேண்டிய இடம் ஒன்றுக்கும் ஞாயிறு மத்தியானங்களில் நானாகவே போய்க்கொண்டிருந்தேன்.

என்னோடு உயர்தரம் படித்த நண்பனின் புத்தகக் கடை மாடியில், மூன்று பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடுவோம். கதையை நடத்துவதும் எதிரிகளாகப் பேசுவதும் அவன். ஹல்துமுல்லையிலிருந்து பஸ் ஏறி வரும் ஆஸ்பத்திரித் தாதி அக்கா, வாள் வீராங்கனை. நான் மந்திரவாதி.

மந்திரம் போடுவதற்கு விதிகள் உண்டு. சிலவற்றை வாயால் சொல்ல வேண்டும். சிலவற்றுக்குக் கையசைவு வேண்டும், சிலவற்றுக்குக் கந்தகமோ இறகோ ஏதாவதொரு பொருள் வேண்டும். எதிரி மந்திரம் போடும்போது நம் முறை வராவிட்டாலும் குறுக்கே புகுந்து தடுக்கலாம், அதுவும் சுற்றுக்கு ஒரு தடவைதான். இதில் நண்பன் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தான்: அவன் மூன்று எண்ணுவதற்குள் மந்திரத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறு, குகைக்குள் சூனியக்காரி எங்கள் மேல் தீயை ஏவினாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

"த... த... தடு..."

"மூணு."

எட்டு மாதமாக அக்கா ஆடிய வீராங்கனை அந்தத் தீயில் செத்துப்போனாள். அக்கா என்னைத் திட்டவில்லை. "பரவால்ல, விடும்மா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"இனிமே உனக்கு மட்டும் எண்ண மாட்டேன். தலைய ஆட்டினா போதும்" என்றான் நண்பன்.

சின்ன வயதில் நான் படித்த பூனாகலைப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கும் முறை வரும்போதெல்லாம் என்னைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போவார்கள். அதுவும் இரக்கம்தான்.

"வே... வேணாம். எல்லாருக்கும் உள்ள ரூல்தான் எ... எனக்கும். ரூல் புத்தகத்தக் குடு."

தடித்த ஆங்கிலப் புத்தகம். ஒரு வாரம் சாப்பாட்டு நேரங்களில் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். வியாழக்கிழமை அந்த வரி கிடைத்தது: தடுப்பு மந்திரத்துக்குக் கையசைவு மட்டுமே. சொல்லும் வேண்டாம், பொருளும் வேண்டாம். மூன்று தடவை வாசித்தேன். இன்னோரிடத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. கையசைக்க ஒரு கை வெறுமையாக இருக்க வேண்டும். என் மந்திரவாதிக்கோ ஒரு கையில் கோல், மறு கையில் விளக்கு.

அடுத்த ஞாயிறு அக்கா புதிதாக ஒரு பூசாரிப் பெண் பாத்திரத்தோடு வந்தார். அதே குகை, அதே சூனியக்காரி. என் முறை வந்ததும், "வி... விளக்கக் கீழ வைக்கிறேன்" என்றேன்.

"எதுக்கு?"

"கை வேணும்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கதையை நகர்த்தினான். சூனியக்காரி மறுபடி தீயை ஏவினாள்.

"ஒண்ணு..."

என் இடது கையை அவன் முகத்துக்கு நேரே உயர்த்தினேன்.

"ரெண்டு... பேரச் சொல்லு!"

கையை இறக்காமலே மற்றக் கையால் புத்தகத்தை அவன் முன்னால் தள்ளி, அந்த வரியில் விரலை வைத்தேன். அவன் குனிந்து வாசித்தான். அக்காவும் எட்டிப் பார்த்தார்.

"அட, இதுக்கு வாயே தேவையில்லையே!" என்றார்.

நண்பன் இன்னொரு தரம் வாசித்தான். அவன் காது சிவந்திருந்தது. "நான்தான் தப்பா நடத்தியிருக்கேன். பகடையப் போடு."

பதினேழு. தீ அணைந்தது. அக்கா மேசையில் அடித்த அடியில் பகடைகள் தரையில் உருண்டன.

"இனி யாருக்கும் எண்ணல. அக்கா, உங்க பழைய ஆளத் திருப்பித் தரவா?"

"செத்தது செத்ததுதான். இவளே இருக்கட்டும்" என்றார் அக்கா.

மறுபடி என் முறை. மின்னல் மந்திரத்தை எடுத்தேன்.

"அதுக்கு வாய் வேணுமே" என்றான் அவன், மெதுவாக.

"தெ... தெரியும்."

நீளமான பெயர். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டேன். எனக்காக யாரும் அதைச் சொல்லி முடிக்கவில்லை. கீழே கடையில் யாரோ கொப்பி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விடவில்லை. கடைசி எழுத்துவரை சொன்னேன்.

அவன் பகடையை என் பக்கம் தள்ளினான்.