பக்கத்து இடம்

எங்கள் யூனிஃபார்ம் கம்பெனியில் முதலாளிக்குப் பயப்படாதவர்கள் உண்டு. கட்டிங் அக்காவின் கண்ணுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. யாராவது புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் முதலில் பார்ப்பது அவள்தான். "நல்லாருக்கு" என்பாள். அந்த வாரத்துக்குள் செருப்பு அறுந்துவிடும். எனக்குத் துணி ஓரம் அடிக்கிற புது ஓவர்லாக் மிஷின் கொடுத்தபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்கு ஓவர்லாக் அடிக்கத் தெரியாது, அவள் வேலைக்கு அது தேவையும் இல்லை. ஆனாலும் எனக்குப் புதுசு வந்துவிட்டது, அவளுடைய கத்தரி பழசு. அது போதும் அவளுக்கு.

கை மட்டும் தங்கம். துணியை அடுக்கடுக்காகப் போட்டு, சாக்கட்டியால் கோடு கிழித்து வெட்டினாள் என்றால், மேல் துணிக்கும் அடித்துணிக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. கையால் தடவியே இது எத்தனை மடிப்பு என்று சொல்லிவிடுவாள்.

இப்படிப்பட்டவள் போய் வாழ்க்கைப்பட்டது இரண்டாம் தாரமாக. கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள், நாற்பதை நெருங்கும் வயதில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்ட மாட்டார், சொந்தமாகச் சின்னக் கடை. பேச்சுதான் கிடையாது. நாள் முழுக்கத் தாமிரக் கம்பியைச் சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டிருப்பவருக்கு வாயில் வேறு வார்த்தை வராதுபோல. எண்ணும்போது யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. கணக்கு விட்டுப்போனால் முழுக் காயிலையும் பிரித்து முதலிலிருந்து சுற்றவேண்டும்.

முதல் மனைவி காய்ச்சலில் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. வீட்டில் அவளுடைய படம் ஒன்று பீரோவுக்கு மேலே இருந்தது. அக்கா அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே அது பீரோவுக்கு உள்ளே போய்விட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம், கேட்காததுதான் எரிகிறது என்றாள் எங்களிடம். செத்தும் சக்களத்தியாக இருக்கிறாள் என்று சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லும்போது, நாங்கள் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிப்போம்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை ஃபுட்பால். எங்கள் ஊரில் இரண்டு கிளப். ஆலைக்காரர்கள் ஆரம்பித்தது சிவப்பு, துறைமுகத்துக்காரர்கள் ஆரம்பித்தது பச்சை. யார் எப்படி எந்தக் கட்சி ஆனார்கள் என்று கேட்டால் ஒருவரும் ஒழுங்கான காரணம் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் அப்பா எதுவோ பிள்ளைகளும் அது. எங்கள் பட்டன் வைக்கிற பெண் பச்சை, ஏனென்றால் பச்சையின் கோல்கீப்பருக்குச் சுருட்டை முடி. அவர் எப்போதோ வழுக்கையாகிவிட்டார், இவள் இன்னும் பச்சைதான். நான் சிவப்பு, ஏனென்றால் என் அண்ணன் பச்சை. வீட்டில் எது வந்தாலும் பெரிய பங்கு அவனுக்குப் போனது. அவன் எதற்குக் கை தட்டுகிறானோ அது தோற்கவேண்டும் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டேன். கால் நூற்றாண்டாகியும் அந்த முடிவு பிசகவில்லை.

காயில்காரர் சிவப்பு. கல்யாணத்துக்கு வந்திருந்த நாத்தனார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. முந்தைய அண்ணியும் அண்ணனும் ஒரு மேட்ச் விடமாட்டார்கள், சிவப்பு கேலரியில் ஜோடியாகத்தான் உட்காருவார்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அக்காவின் மனதில் அன்றே சிவப்பு என்றால் அவள், அவள் என்றால் சிவப்பு என்று ஆகிவிட்டது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் அவளையும் கூட்டிப்போனார். மரப்பலகை பெஞ்சு. அவருக்கு ஒரு பக்கம் கண்ணாடிக் கடைக்காரர், வருடக்கணக்காக அதே இடம். இன்னொரு பக்கம் காலியாக இருந்தது. மேட்ச் நாளில் நிற்க இடமில்லாத கேலரியில் அந்த ஓர் இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. காயில்காரர் பையிலிருந்து சிவப்பு உறை போட்ட சின்ன குஷன் ஒன்றை எடுத்து அங்கே வைத்து, உட்காரச் சொன்னார். யாருடையது என்று இவள் கேட்டாள். அவளுடையது என்று அவர் சொன்னார். இந்த மனிதருக்கு மழுப்பத் தெரியாது.

அக்கா உட்காரவில்லை. மேட்ச் முடியும்வரை நின்றாள். பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள், தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள், கண்ணாடிக் கடைக்காரர் கெஞ்சினார். அசையவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தால் அவளுடைய மிச்சத்தில் உட்கார்ந்த மாதிரி என்று மறுநாள் எங்களிடம் சொன்னாள். கால் வீங்கியிருந்தது.

இரண்டு கிளப்பும் மோதுகிற மேட்ச் அடுத்து வந்தது. அதற்கு முந்தின நாள் பள்ளிக்கூட யூனிஃபார்மில் வெட்டி மிஞ்சிய பச்சைத் துணியில் நீளமாக ஒரு துண்டு வெட்டி என் மிஷினில் கொண்டுவந்து போட்டாள். ஓரம் அடித்துக் கொடு என்றாள்.

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். அவ சிவப்புன்னா நான் பச்சை."

ஏட்டிக்குப் போட்டி என்றால் இதுதான். ஒரு ஆட்டக்காரன் பெயர்கூடத் தெரியாமல், ஒரு செத்தவளுக்கு எதிராக ஒரு கிளப்பைப் பிடித்தவள் உலகத்தில் எங்கள் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். மறுநாள் அந்தத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கூடத்தில் போய் நின்றாள். அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்க. கல்யாணமாகி அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. "நீ பச்சையா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாராம்.

அந்தச் சிரிப்பை அவள் எங்களுக்கு எத்தனை முறை சொன்னாள் என்று கணக்கில்லை. தோளை எப்படிக் குலுக்கினார் என்று நடித்தே காட்டுவாள். பொறாமைக்காரிதான், ஆனால் அன்று அவள் முகத்தைப் பார்த்து எங்களுக்குத்தான் பொறாமையாக இருந்தது.

அப்புறம் அவள் உண்மையாகவே பச்சையாகிவிட்டாள். வீம்புக்குப் போனவளை ஆட்டம் பிடித்துக்கொண்டது. எதிர்க் கேலரியில் போய் உட்காருவாள். திட்ட ஆரம்பித்தால் ரெஃப்ரியின் வீட்டார் யாரையும் விட்டுவைக்க மாட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பஸ்ஸில் போய், மைதான வாசலில் பிரிந்து, முடிந்ததும் அதே வாசலில் சேருவார்கள். தோற்ற கட்சி அந்த வாரம் பாத்திரம் கழுவவேண்டும். பேசாத மனிதர் பேச ஆரம்பித்தார். உங்கள் ஆளுக்கு ஆஃப்சைடு தெரியுமா, கண் தெரியுமா என்று சாப்பிடும்போது வம்புக்கு இழுப்பார். அக்காவுக்கு இதில் பெரிய கணக்கு ஒன்று இருந்தது. அதை ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"ஒரே கட்சியில ரெண்டு பேர் உக்காந்தா என்ன பேச்சு இருக்கும் சொல்லு? கொட்டாவிதான் விட்டிருப்பாங்க. இந்தச் சண்டை என்கூட மட்டும்தான். இது அவளுக்குக் கிடைக்கலை."

சொல்லும்போது கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தவள் முகம். இப்படியே நாலைந்து வருடம் ஓடியது.

ஜெயித்தவர்களுக்குத் தாராள குணம் வரும், அதுதான் வினை. போன சீசனில் பச்சை சிவப்பைத் துவைத்து எடுத்தது. அந்தச் சந்தோஷத்தில் அக்கா, அவர் இன்னும் பைக்குள் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் அந்தக் குஷனைப் பார்த்திருக்கிறாள். தையல் விட்டுப் பஞ்சு தெரிந்தது. பாவம் போகட்டும், புது உறை போட்டுக் கொடுப்போம் என்று கம்பெனிக்கு எடுத்துவந்துவிட்டாள். நாங்கள் கேலி செய்தோம். சக்களத்திக்குப் பாவாடை தைக்கிறாயா என்று பட்டன்காரி கேட்டாள். அக்காவும் சிரித்தாள்.

மேஜையில் வைத்து அளவு எடுக்கத் தடவியவள் கை நின்றது. இன்னொரு முறை தடவினாள். "ரெண்டு துணி இருக்கு" என்றாள். பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தாள். சிவப்பு உறை கழன்று வந்தது. உள்ளே இன்னொரு உறை. பச்சை. நடுவில் பச்சை கிளப்பின் முத்திரை, கையாலேயே போட்ட எம்ப்ராய்டரி. அழகான வேலை. உட்கார்ந்து உட்கார்ந்து நூல் மங்கியிருந்தது.

அக்கா அந்த முத்திரையை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு குஷனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேலை நேரம் என்று சூப்பர்வைசர் சொன்னது அவள் காதில் விழவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

கடையில் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. கொஞ்சம் பொறு என்று நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் கையை உதறிவிட்டுக் குஷனை, அவர் சுற்றிக்கொண்டிருந்த காயிலின் மேலேயே வைத்தாள். அவர் உதடு நின்றது. கணக்குப் போயிற்று.

"அவ சிவப்புன்னீங்களே."

"நான் சொல்லலை. நீயா நினைச்சுக்கிட்டே."

அது உண்மைதான். அவர் எப்போதும் சொன்னதில்லை. இப்போது சொன்னார், கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே. அவளுடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், அவள் பிறந்ததிலிருந்தே பச்சை. கல்யாணமானபின் அவரை விட்டுத் தனியாக உட்கார மனமில்லாமல் சிவப்பு கேலரிக்கு வந்தாள். தெரிந்தால் பெஞ்சுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள் என்று மேலே சிவப்பு உறை போட்டுக்கொண்டாள். பச்சை கோல் போட்டால் எல்லோரும் தலையில் கை வைப்பார்கள், அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள், அவர் முழங்காலைக் கிள்ளுவாள். தோற்றவர் பாத்திரம் கழுவுவது அவள் வைத்த பந்தயம். இது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும், தங்கச்சிக்குக்கூடத் தெரியாது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை. வீட்டில் களவு போனது இப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

"அன்னிக்கு நான் பச்சைத் துண்டைச் சுத்திக்கிட்டு வந்து நின்னேனே. யாரைப் பாத்துச் சிரிச்சீங்க?"

அவர் விரலில் சுற்றிய கம்பியைப் பிரித்தார். அந்த மனிதருக்கு ஒரு பொய் சொல்லத் தெரிந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

"அன்னிக்கு, அவளைப் பாத்துத்தான்."

அக்கா தலையை ஆட்டினாள். குஷனை எடுத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது அவர் தானாகவே பேசினார்.

"ஆனா அவ ஒருநாளும் கத்தினதில்ல. நீ கத்துறது அந்தக் கோடியிலருந்து எனக்குக் கேக்கும். அத்தனை கூட்டத்துலயும் உன் குரல் எதுன்னு தெரியும்."

"கேக்கும், கேக்கும்" என்றாள் அக்கா. திரும்பிப் பார்க்கவில்லை.

இனி அவள் என்ன செய்வாள் என்று கம்பெனி முழுக்க ஒரே பேச்சு. சிவப்புக்கு மாறிவிடுவாள் என்றார்கள் சிலர். ஆட்டம் பார்ப்பதையே விட்டுவிடுவாள் என்றாள் பட்டன்காரி. நான் நேராகவே கேட்டேன்.

"அவ பச்சைங்கிறதுக்காக நான் விட்டுக் குடுக்கணுமா? ஏற்கெனவே வீட்டுல இருக்கிறதைப் பங்கு போட்டாச்சு. இதையும் போடணுமா?"

குஷனுக்கு அவளே உறை தைத்தாள். இந்த முறை வெளியேயும் பச்சை. அவருக்குத் திருப்பிக் கொடுப்பாயா என்றேன். அவருக்குப் பக்கத்தில் இனி அவள் வேண்டாம், என் பக்கம் வரட்டும், அங்கே என் கண் முன்னாலேயே இருப்பாள் என்றாள். முத்திரை போட்ட பழைய உறையைக் கிழித்துப்போடுவாள் என்றுதான் நினைத்தேன். உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டாள்.

அடுத்த மோதல் மேட்சுக்கு நான் சிவப்பு கேலரிக்குப் போனபோது கூட்டம் நெரிந்தது. காயில்காரர் வழக்கமான இடத்தில் இருந்தார். பக்கத்தில் வெறும் பலகை, குஷன் இல்லை. தெரிந்தவர்தானே, இடமும் காலிதானே என்று போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு எதிர்க் கேலரியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே அக்கா குஷன் மேல் ஏறி நின்று ஆட்டிக்கொண்டிருந்த பச்சைத் துண்டு சட்டென்று நின்றது. அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது. எழுந்திரு என்றது. எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் எழுந்திரு என்றது.

எழுந்தேன். கண்ணாடிக் கடைக்காரர் நகர்ந்து தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். காயில்காரர் காலியான பலகையை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துத் தன் பையை எடுத்து அதன்மேல் வைத்தார். எதிரே துண்டு மறுபடி ஆட ஆரம்பித்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்க, அக்கா நடித்துக் காட்டுவாளே, அப்படியே.

என் வீட்டுக்காரர் அந்நேரம் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பார். காயில்காரர் இப்படிச் சிரித்ததை அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும். சொல்வேன். ஆனால் திங்கட்கிழமையே சொல்ல மாட்டேன், இரண்டு நாள் போகட்டும்.