ஊதாக் காரில் ஒரு பிள்ளையார் சுழி

சாயம் கரைக்கும் தின்னரின் மணம் முதலில் மூக்கில் ஏறாது. தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, பிறகுதான் மேலே வரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும், மொன்றியலில் எங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டு நடையில் தொங்கிய அப்பாவின் ஜாக்கெட்டிலிருந்து அந்த மணம் வந்துகொண்டே இருந்தது. அம்மா அதைப் பால்கனியில் போட்டுப் பார்த்தார். பனியில் பலகைபோல் விறைத்த ஜாக்கெட், உள்ளே வந்து இளகியதும் இன்னும் கடுமையாக மணந்தது.

அப்பா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் "ரிங்கரிங்" செய்தவர். அதாவது நசுங்கிய கார்த் தகட்டைத் தட்டி நிமிர்த்திச் சாயம் அடிப்பவர். அங்கே அவருக்குச் சொந்தமாக ஒரு சிறிய கராச் இருந்தது. மொன்றியலுக்கு வந்தபின் டோர்வல் விமான நிலையத்தில், பயணிகள் இறங்கிப்போன விமானங்களுக்குள் குனிந்து குப்பை பொறுக்கினார். வேலையைப் பற்றி வீட்டில் ஒன்றும் சொல்லமாட்டார். ஒருநாள் எங்கள் தெருமுனைக் கராச்சில், உரிமையாளர் ஜில் ஒரு மட்காட்டைக் கண்டபடி தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றவர், பொறுக்கமாட்டாமல் உள்ளே போய் அவர் கையிலிருந்த சுத்தியலை வாங்கிவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. மறுநாளிலிருந்து நான் அவர்களுக்கு நடுவே நின்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் என்று ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். என் பிரெஞ்சுதான் வீட்டின் வாய்.

ஜில்லின் கார் எழுபதாம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்டது. நீண்ட மூக்கும், அதற்குள் லொறிக்குப் போதுமான எஞ்சினும், நல்ல கத்தரிக்காயின் ஊதா நிறமும் கொண்டது. அந்த நிறமும் அந்த எஞ்சினும் ஒன்றாகச் சேர்ந்தவை மிகச் சிலவே வெளிவந்தனவாம். ஏதோ ஒரு பண்ணைக் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்ததை அவர் இழுத்துவந்திருந்தார். கோடையில் புரோசார்ட்டில் நடக்கும் கார்க் கண்காட்சியில், அது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் இருந்தபடியே இருக்கிறது என்று பரிசோதகர்கள் ஏற்கவேண்டும். ஏற்றால் அப்பாவுக்குக் கராச்சில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் டோர்வல்.

ஜில் சொன்ன பிரெஞ்சுச் சொல்லுக்கு நான் தமிழ் தேடி, "பழையபடி ஆக்கவேணுமாம், அப்பா" என்றேன். அப்பா தலையாட்டினார். பழையதைச் சரிக்கட்டுவதுதானே அவருடைய தொழில் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அது வேறு தொழில் என்பது போகப்போகத்தான் விளங்கியது. பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களுடன் வேலை செய்தவர் அப்பா. எதைக்கொண்டும் எதையும் ஓட்டிவிடலாம் என்பதே அவர்கள் படிப்பு. இங்கேயோ ஓர் ஆணியின் தலையில் இருக்கும் முத்திரைகூட மாறக்கூடாது. அப்பா கதவை நூல் பிடித்ததுபோலப் பொருத்தினார். ஜில் சுற்றிவந்து பார்த்து, மிக நன்றாக இருக்கிறது, ஆகவே தவறு என்றார். தொழிற்சாலையில் அவசரத்தில் கோணலாகத்தான் பூட்டினார்களாம். சாயம் வழிந்த இடத்தில் வழிந்திருக்கவேண்டுமாம். நான் மொழிபெயர்த்து முடித்ததும் அப்பா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"உவனுக்கென்ன விசரே? வடிவாக் கேட்டனியோ?"

மறுபடி கேட்டுச் சொன்னேன். அப்பா கதவைக் கழற்றினார். வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம், "பிழையையும் பிழையில்லாமச் செய்யவேணுமாம்" என்று மட்டும் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. அந்தக் காருக்கு அவர் வைத்திருந்த பெயர் "ஊதாப்பிசாசு". உங்களை விழுங்கிப்போட்டுத்தான் விடும் என்று எப்போதும் சொல்வார்.

பழையபடி என்றால் நஞ்சும் பழையபடிதான். தகட்டின் பொருத்துகளை அந்தக் காலத்தைப் போலவே ஈயம் உருக்கி நிரப்பி, அராவித் தேய்க்கவேண்டும். சாயமும் அந்தக் காலத்து வகையே. ஜில் எங்கிருந்தோ பழைய தகரங்களைச் சேர்த்துவைத்திருந்தார். குளிர் பட்டால் சாயம் கெட்டுவிடும் என்று கராச் கதவை இறுக்கிச் சாத்தியே வேலை நடந்தது. ஜில் மாஸ்க் கொடுக்காமல் இல்லை. அதைப் போட்டால் கண்ணாடியில் ஆவி படிந்து தகடு தெரியவில்லை என்று அப்பா அதைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். துப்பினால் ஊதாவாக வந்தது. அதைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்ததும் நினைவிருக்கிறது.

வசந்தம் தொடங்கும் நேரம் ஊரிலிருந்து கொழும்புக்கு வந்திருந்த மாமி, அப்பாவின் அக்கா, தொலைபேசி எடுத்தார். சண்டை பழையபடி தொடங்கிவிட்டதாம். பீரங்கிச் செல் விழுந்து அப்பாவின் கராச் இருந்த இடத்தில் இப்போது சுவர்கூட இல்லையாம். அப்பா ஓம், ஓம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டி எழுப்பலாம்தானே, பழையபடி வரும்தானே என்று பிறகு நான் கேட்டேன்.

"பழையபடி வாறது சண்டை மட்டுந்தான், தம்பி" என்றார்.

கடைசி வேலை குறிகள். தொழிற்சாலையில் ஒவ்வொரு காரையும் சரிபார்த்தவர்கள் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் அங்கங்கே எண்ணோ எழுத்தோ கிறுக்கிவிடுவார்களாம். ஜில் அதே வகைக் காரொன்றின் படங்களைக் காட்டி, எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் அவற்றை அப்படியே எழுதச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்பா பென்சிலை எடுத்தார். சுத்தமான வெற்றுத் தகடு, எழுதத் தொடங்கவேண்டும். எங்கள் ஆட்கள் வெற்றிடத்தில் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஓரத்தில் ஒரு "உ" போட்டார். சுத்தியல் பட்டு மடங்காமல் போன கட்டைவிரலால் அவருடைய "உ"வின் வால் எப்போதும் மேல்நோக்கி எகிறி நிற்கும். பிறகுதான் படத்தைப் பார்த்து மற்றவற்றை எழுதினார். அழிக்கவேண்டுமே என்றேன். "வைச்ச சுழியை அழிக்கிறேல்லை" என்று துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கதவைக் கழற்றச் சொன்னபோது கழற்றிய மனிதர், இதற்கு மசியவில்லை.

புரோசார்ட்டில் வெயில். வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடம் முழுக்க மினுங்கும் தகடு. பரிசோதகர் எஞ்சினுக்குள் டார்ச் அடித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்தினார். படத்தில் இல்லாத குறி ஒன்று இருப்பதை ஜில் அப்போதுதான் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அப்பா என் தோளில் கை வைத்திருந்தார், அந்தக் கை கனத்தது. பரிசோதகர் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தனக்குத் தானே சொல்வதுபோல், இது இரண்டு என்ற எண், இரண்டாம் ஷிப்ட்காரனின் குறியாக இருக்கும் என்று சொல்லி அப்பால் போனார்.

"என்னவாம்?"

"ரெண்டாம், அப்பா."

அப்பா என் தோளிலிருந்து கையை எடுத்தார். "ஓம், ரெண்டெண்டே இருக்கட்டும்."

கார் ஏற்கப்பட்டது. ஜில் வாக்குத் தவறவில்லை. வினை அதில்தான் இருந்தது. அப்படியான கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த மூடிய கராச்சுக்குள் வந்தன. அப்பா டோர்வலை விட்டார், நிமிர்ந்து நடந்தார், பிறகு மாடிப்படியில் பாதியில் நின்று மூச்செடுக்கத் தொடங்கினார். இத்தனை ஆண்டுகள் எதைச் சுவாசித்தார் என்று மருத்துவர் கேட்டபோது, ஈயம், தின்னர், தேய்த்த தூள் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் சரியான பிரெஞ்சு இருந்தது. ஜில்லிடம் கற்ற சொற்கள்தான். தொண்ணூறுகள் முடிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். 

இன்று அந்தக் கராச் இல்லை. அந்த இடத்தில் ஒரு கார்டெரி, குழந்தைகள் காப்பகம், இருக்கிறது, காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஜில் இல்லை. காரை எல்லைக்கு அப்பால் யாரோ வாங்கிப்போனார்கள். போன மாதம் இணையத்தில் அதன் பெயரைத் தேடினேன். அவ்வகைக் கார்களைப் புதுப்பிப்பவர்களுக்கான பக்கமொன்றில், ஏற்கப்பட்ட கார்களைப் பார்த்து, எந்தக் குறி எங்கே வரவேண்டும் என்று வரைந்து காட்டியிருந்தார்கள். தகட்டுச் சுவரின் ஓரத்தில், இரண்டாம் ஷிப்ட் பரிசோதகரின் குறி என்ற விளக்கத்துடன், மஞ்சளில் ஒரு வளைவு. தங்கள் கார்களில் அதை எழுதியவர்கள் கீழே படங்கள் போட்டிருந்தார்கள். ஊர்பேர் தெரியாத மனிதர்கள், அளவு பிசகாமல். உண்மையை எழுதலாம் என்று தொடங்கினேன். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டேன்.

ஒவ்வொரு படத்திலும் வால் மேல்நோக்கி எகிறி நிற்கிறது, பழையபடி.