காஸ்டோன் தூக்காத கால்

1. முதல் நாள்

முதல் நாளே என்னை உதைத்துத் துரத்துகிறார்கள் என்று நினைத்து, மண்டலினைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். பாண்ட் என்று நாங்கள் சொல்லும் இசைக்குழுவில் என் வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கும் இளையவர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு நா எழாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாண்டில் எல்லோரும் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசினார்கள். எனக்கு விளங்கியதை எங்கள் பேச்சில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் ஊரை விட்டு வந்து, சென்ட் லோரன்ட் என்ற இடத்தில் யன்னல் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போவேன். அதனால் மண்டலின் பெட்டி என் லொக்கரில் இருக்கும். அங்கே பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டும் றெயால் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"டோனி, அதென்ன, துவக்கோ?"

என் பெயர் அந்தோனி. அங்கே டோனி. "துப்பாக்கியில்லை, மண்டலின்" என்றேன்.

அவர் சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார். "மண்டலினோ! எங்கட மண்டலின்காரன் வேலை தேடி மேற்குப் பக்கம் போட்டான். ஆள் இல்லாமல் மூண்டு மாசம். புளூகிராஸ் எண்டு எங்கட நாட்டுப்புறப் பாட்டு, தெரியுமோ?"

"தெரியாது."

"பறவாயில்லை. வா."

இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். போனேன்.

பயிற்சி பியர்பொன்ட்ஸ் என்ற பகுதியில், காஸ்டோன் வீட்டு நிலவறையில். காஸ்டோன்தான் தலைவர். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, எழுபதை நெருங்கிய பெரிய உருவம், கிட்டாரும் பாட்டும் அவருடையவை. றெயால் பாஞ்சோ வாசிப்பவர். கிளேர் என்ற பள்ளிக்கூட ஆசிரியை பிடில். வயல் செய்யும் டக் என்ற கமக்காரர், ஆளுயரப் பேஸ் வாத்தியம். அவர் ஆண்டுக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்கவில்லை.

வட்டமாக நின்று ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். எனக்குப் பிடிபட்ட அளவுக்குப் பின்னால் ஓடினேன். கொஞ்ச நேரத்தில் காஸ்டோன் என்னைப் பார்த்தபடி வலது காலைத் தூக்கினார். சப்பாத்தின் அடி எனக்கு நேரே தெரிந்தது. பெரியவர் ஒருவர் காலைத் தூக்கிக் காட்டினால் நான் வேறு என்ன நினைப்பேன்? மண்டலினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பாட்டு நடுவில் நின்றது.

"எங்கை போறாய்?" என்றார் றெயால்.

"அவர் போகச் சொல்லிப்போட்டார்."

பிறகுதான் விளங்கப்படுத்தினார்கள். இந்தப் பாட்டுகளுக்கு எழுதி வைத்த நீளம் கிடையாது. ஒருவர் பாடுவார், அடுத்தவர் தனியாக வாசிப்பார், மறுபடி பாட்டு, இப்படிச் சுற்றிக்கொண்டே போகும். தலைவர் காலைத் தூக்கினால், இதுதான் கடைசிச் சுற்று, எல்லோரும் சேர்ந்து முடியுங்கள் என்று பொருள்.

எல்லோரும் சிரித்தார்கள். டக் கூடச் சிரித்தார். காஸ்டோன் மட்டும் சிரிக்காமல் என் அருகே வந்தார்.

"உங்கட ஊரில காலைக் காட்டக் கூடாதோ?"

"ஓம்."

"அப்ப மன்னிச்சுக்கொள். ஆனா பேந்தும் தூக்கத்தான் போறன். ரெண்டு கையும் கிட்டாரில, வாய் பாட்டில. வேற என்ன மிச்சம் இருக்கு எனக்கு?"

2. நடுவில் ஒரு மைக்

பாண்டில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பாண்டில் ஐந்து பேருக்கும் நடுவில் ஒரே ஒரு மைக். பாடுகிறவர் கிட்டே வருவார். அவர் விலக, தனியாக வாசிக்கிறவர் புகுவார். பிடில் வில் கண்ணில் குத்தாமல், பாஞ்சோவின் கழுத்து மண்டையில் இடிக்காமல் குனிந்து நுழைய வேண்டும். டக் மட்டும் பேஸோடு மரம்போல நிற்பார்.

டிரம் இல்லாத பாண்டில் மண்டலின்தான் டிரம். கோயிலில் நான் தந்தியை விடாமல் அதிர வைத்து மெட்டு வாசிப்பேன். இங்கே அது வேண்டாம் என்றார்கள். இங்கே 'சொப்'. பேஸ் 'தும்' என்றதும் நான் 'சக்' என்று ஒரு வெட்டு வெட்டி, உடனே இடது கை விரல்களைத் தளர்த்திச் சத்தத்தைக் கொன்றுவிட வேண்டும். கேட்பவர்களுக்கு அது தெரியாது. நின்றுபோனால் மட்டும் தெரியும். எனக்குப் பொருத்தமான வேலை.

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சம். மேடையில் தரையைத்தான் பார்ப்பேன். மற்றவர்களுக்கு அது குறையாகத் தெரிந்தது. ஆனால் காஸ்டோனின் கால் எழும்போது முதலில் காண்பவன் நான்தான். றெயால் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர், பாதி நாள் கடைசிச் சுற்றைத் தவறவிட்டு, தனியாக ஒரு மைல் தூரம் ஓடிவிட்டு அசடு வழிவார்.

வசந்தத்தில் மேப்பிள் மரப் பாகு காய்ச்சி விருந்து வைக்கும் தோட்டங்களில் வாசித்தோம். கோடையில் ஊர்ச் சந்தைகள், மற்ற நாட்களில் முதியோர் இல்லங்கள். பாண்டின் வான் வண்டியில் பின்னால், பேஸின் கழுத்து என் தோளுக்கு மேல் நீண்டிருக்க, உட்கார்ந்து போவேன். முன்னால் பிரெஞ்சில் பகிடி நடக்கும். அவர்கள் சிரித்து முடிய நான் சிரிப்பேன். ஆறு ஆண்டுகளில் அவர்களில் ஒருவரும் என் வீட்டுக்கு வந்ததில்லை. நான் கூப்பிட்டதுமில்லை. ஓர் அறை, ஒரு கதிரை. எங்கே உட்காரச் சொல்வது?

கோயிலில் சூசை அண்ணை என்று ஒருவர் இருந்தார். என்னோடு அக்கறையாகப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். "தம்பி, கலியாணம் கட்டன் எண்டால் மாட்டன் எண்டுறாய். வெள்ளையளோட சேந்து மாட்டுக்காரப் பாட்டு வாசிக்கிறாய். அங்க உன்னோட ஆர் கதைக்கினம்?" என்று கேட்பார்.

யாரும் பேசுவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வட்டத்துக்குள் நின்றால் நாலு பேர் என் கையின் வெட்டுக்காகக் காத்திருந்தார்கள். கிழமை முழுவதிலும் எனக்காக யாராவது காத்திருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சும்மா போறன் அண்ணை" என்பேன்.

3. சொல்லாதே

ஆறாவது வசந்தம். ஒரு பாகுத் தோட்டத்தில், மதியச் சாப்பாட்டு நேரம் வாசித்துக்கொண்டிருந்தோம். காஸ்டோன் கடைசிச் சரணத்தைப் பாடி முடித்தார். கால் எழ வேண்டும். எழவில்லை. அதே சரணத்தை மறுபடி பாடினார். சரணம் திரும்ப வருவது புதிதில்லை, ஆகவே யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் முறையும் அதே சரணம் தொடங்கியபோது நான் முதல்முறையாகத் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். தான் இறங்க வேண்டிய பஸ் தரிப்பிடத்தைத் தவறவிட்ட ஆளின் முகம். அவர் கண் என் காலுக்கு வந்தது.

நான் வலது குதிகாலை ஓர் அங்குலம் உயர்த்தினேன். அவர் உடனே தன் காலைத் தூக்கினார். பாட்டு முடிந்தது. சனம் கைதட்டியது.

திரும்பும்போது காஸ்டோன் முன் இருக்கையை விட்டு, பின்னால் வந்து என்னோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "டோனி, கண்டிட்டாய், என்ன?" என்றார்.

"ஓம்."

"டொக்டர் ஒரு பேர் சொன்னவர். அந்தப் பேரும் மறந்துபோச்சு" என்று தானே சிரித்தார். "இவைக்குச் சொல்லாத. தெரிஞ்சால் என்னைப் பாடவிடாமல் இருத்திப்போடுவினம். பாட்டை விட்டால் நான் வீட்டில ஒரு தளபாடம்."

"சொல்லமாட்டன்."

அந்தக் கோடை முழுவதும் அவர் என் காலைப் பார்த்துத்தான் பாட்டை முடித்தார். வான் வண்டியில் அதன்பிறகு என் பக்கத்தில்தான் இருப்பார். பழைய பஸ் பாதைகளை, ஒவ்வொரு தரிப்பிடமாகச் சொல்லிக்கொண்டு வருவார். பாதி எனக்கு விளங்காது. ஒருவர் என்னோடு பேசிக்கொண்டு வருகிறார் என்பதே போதுமாக இருந்தது.

4. யார் தலைவர்

எத்தனை நாளைக்கு ஒளிக்க முடியும்? ஓர் அங்குலம் போதாமல் போய், நான் காலை நன்றாகத் தூக்க வேண்டி வந்தது. ஒரு பயிற்சியில் றெயால் கண்ணைத் திறந்துவிட்டார்.

"நிப்பாட்டுங்கோ! டோனி, நீ ஏன் கால் தூக்கிறாய்? முன்னமும் ஒருக்கால் கண்டனான். ஆர் இங்க தலைவர், நீயோ?"

காஸ்டோன் குனிந்து, சரியாக இருந்த தந்தியைச் சுருதி சேர்க்கத் தொடங்கினார்.

"மன்னியுங்கோ" என்றேன்.

"ஆறு வருசம் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவர், இப்ப எங்களை நடத்திறார்!" என்றார் றெயால்.

அடுத்த நிகழ்ச்சியில் வேறு வழியில்லாமல் மறுபடி தூக்கினேன். திங்கட்கிழமை, தொழிற்சாலை லொக்கரடியில் றெயால் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், "சனிக்கிழமைச் சந்தைக்கு நீ வரத் தேவையில்லை. நாங்கள் நாலு பேர் காணும்" என்றார்.

ஒரு வரி சொன்னால் போதும். சொல்லவில்லை. சொன்னால் காஸ்டோனுக்குப் பாட்டுப் போகும். சொல்லாவிட்டால் எனக்கு வட்டம் போகும். என்னுடையது போகட்டும் என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சூசை அண்ணையிடம் மட்டும் சொன்னேன். "வாயைத் திறந்து சொல்லன்ரா!" என்றார்.

"சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன் அண்ணை."

"உனக்குக் கதைக்கப் பயம். அதுக்கு வாக்கு எண்டு பேர் வைக்காத."

வெள்ளிக்கிழமை இரவு, கோயில் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் தொலைபேசி அடித்தது. காஸ்டோன்.

"டோனி, நாளைக்கு எத்தினை மணிக்கு வாறாய்?"

"நான் வரேல்லை. றெயால் வரவேண்டாம் எண்டவர்."

"ஓ... ஓம், ஓம். சரி" என்று வைத்துவிட்டார். நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். றெயாலின் இலக்கம் சுவரில் ஒட்டியிருந்தது. அழைக்கவில்லை.

5. திங்கட்கிழமை

சந்தை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூப் பக்கம், பகல் நேரம், நல்ல வெயில். நடந்ததை, திங்கட்கிழமை தொழிற்சாலையில் றெயால் சொல்லித்தான் தெரியும்.

காஸ்டோன் ஒரு பாட்டைத் தொடங்கினார். அது முடியவில்லை. அதே சரணம் நாலு தரம், ஐந்து தரம். முதலில் சனம் இதுவும் ஒரு வேடிக்கை என்று தாளத்துக்குக் கைதட்டியது. பிறகு சிரித்தது. பிறகு சிரிப்பும் நின்றுவிட்டது. காஸ்டோன் பாடிக்கொண்டே ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டு வந்தாராம். என்ன தேடுகிறார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் நான் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தபடி கண்ணீர் வடித்துக்கொண்டு பாடினார். கிளேர் வில்லைக் கீழே போட்டு, அவர் கையைக் கிட்டாரிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியும்" என்றார் றெயால்.

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவர் சொல்லாத எண்டவர்."

றெயால் யன்னல் சட்டம் அடுக்கும் பலகைத் தட்டின்மேல் உட்கார்ந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தால் நாங்கள் எல்லாருமெல்லே கால் தூக்கியிருப்பம், டோனி" என்றார்.

வேலை தொடங்கும் மணி அடித்தது. எழுந்து போனார்.

இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பக்கத்தில் வாசிக்கிறவர் தடுமாறுவதை நீங்கள் மட்டும் கண்டால், தனியே தாங்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். முதலில் அவரிடமே போய், மற்றவர்களுக்குச் சொல்லுவோமா என்று கேளுங்கள். மறுத்தால் திரும்பவும் கேளுங்கள். நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவருடைய இரகசியத்தைக் காத்தேன் என்று எண்ணியிருந்தேன். வான் வண்டியில் அவர் பக்கத்தில் எனக்குக் கிடைத்த இருக்கையையும் சேர்த்துத்தான் காத்தேன்.

6. பியர்பொன்ட்ஸ்

என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போனேன். இப்போது எங்கள் பாண்டில் யாரும் கால் தூக்கலாம். றெயால் கண்ணைத் திறந்து வைத்து வாசிக்கிறார். கிளேர் பாடுகிறார்.

காஸ்டோன் அதன்பிறகு மேடைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மண்டலினோடு பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போவேன். நீண்ட ஓட்டம், ஞாயிறில் பஸ்ஸும் குறைவு. அப்படி முதல் முறை போனபோது அவர் மனைவி மோனிக் கதவைத் திறந்தார். குசினியில், சாப்பாட்டு மேசையில் காஸ்டோன் இருந்தார்.

"நீ ஆர்?" என்றார். பிறகு பெட்டியைக் கண்டார். "ஆ, மண்டலின். எங்கட மண்டலின்காரன் மேற்குப் பக்கம் போட்டான். இரு."

கிட்டாரை எடுத்துக் கொடுத்தேன். கை மறக்கவில்லை. தும், சக், தும், சக். சந்தையில் முடியாமல் போன அந்தப் பாட்டையே தொடங்கினார், அந்தச் சரணத்துக்கே வந்தார். முடித்ததும் மறுபடி அதையே பாடினார். மோனிக் கோப்பி வைத்துவிட்டுப் போனார். அது ஆறியது. நாலாவது சுற்றில் அவர் என் காலைப் பார்க்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார், முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

நான் ஏற வேண்டிய மூன்றரை மணிப் பஸ் தெரு முனையில் நின்று புறப்படும் சத்தம் கேட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம். கேட்க அங்கே சனம் இல்லை. முடிக்கச் சொல்லவும் ஆள் இல்லை. என் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி வைத்துக்கொண்டு, அடுத்த வெட்டை வெட்டினேன்.