தோற்ற பக்கத்தையும் எழுதியவர்

கனடாவின் பிறம்ரன் நீதிமன்றத்தில் மதிய இடைவேளைக்கு வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தபோது, போதகர் ஜெயமலரின் கணவர் தேவன் அண்ணை பல தடவை அழைத்திருந்தது தெரிந்தது. திருப்பி அழைத்தேன். "மலர் விடிய போயிட்டா. நித்திரையிலைதான்," என்றார். பிறகு, "உமக்குப் பின்னேரம் வழக்கு இருக்கோ? இருந்தால் முடிச்சிட்டு வாரும். அவசரமில்லை," என்றார். வழக்கு இருந்தது. முடித்துவிட்டுத்தான் போனேன்.

ஜெயமலர் அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளவயதில் அகதியாக ஜேர்மனிக்குப் போனவர். அங்கே விடுதி அறைகளைத் துப்புரவு செய்துகொண்டே இறையியல் படித்தார். திருமணமாகி ரொறன்ரோ வந்தபின், ஸ்காபரோவில் வாடகை மண்டபமொன்றில் கூடிய சிறிய தமிழ் லூத்தரன் சபைக்குப் போதகரானார். அவருடைய பிரசங்கங்களை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நான் கேட்டதில்லை. நான் மட்டக்களப்புச் சைவன். தொழில் நீதிமன்ற மொழிபெயர்ப்பு. எனக்குத் தெரிந்த ஜெயமலர் அக்கா, ஜேர்மன் சமயச் சீர்திருத்தவாதி லூத்தருக்குப் பின்வந்த இறையியலாளர்களைப் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதியவர்.

சபையைச் சேர்ந்த ஒருவருக்குத் துணையாக அவர் நீதிமன்றம் வந்திருந்த நாளில்தான் அறிமுகம். நடைக்கூடத்தில் என்னை மறித்து, "தீர்ப்பைத் தமிழிலை எப்பிடிச் சொன்னனீங்கள்? குற்றமற்றவர் எண்டோ, குற்றவாளி அல்ல எண்டோ?" என்று கேட்டார்.

"குற்றவாளி அல்ல எண்டுதான். அந்த ஆள் நல்லவரா கெட்டவரா எண்டு கோர்ட் சொல்லுறல்ல. தீர்ப்பு மட்டும்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்குத்தான் ஜேர்மனியிலை அந்தக் காலத்துப் பெரிய மனுசர் எல்லாம் அடிபட்டவை," என்றவர், தான் எழுதிக்கொண்டிருந்த நூலின் கைப்பிரதியைப் பார்த்துத் தரும்படி கேட்டார். எனக்கு வேதாகமம் தெரியாது என்றேன். "அதுதான் வேணும். தெரிஞ்ச ஆக்கள் விளங்காததையும் விளங்கின மாதிரி வாசிச்சிடுவினம்."

அப்படித்தான் ஸ்ரௌவ்வில்லில் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் நாங்கள் உட்காரத் தொடங்கினோம். லூத்தர் இறந்து சில ஆண்டுகளுக்குள் எழுந்த ஒரு சண்டையில்தான் அதிக காலம் செலவானது. பாவியான மனிதனைக் கடவுள் நீதிமான் என்று அறிவிக்கிறாரா, அல்லது அவனுக்குள் குடிவந்து உண்மையிலேயே நீதிமானாக மாற்றுகிறாரா என்பதே கேள்வி. மாற்றுகிறார் என்று ஒருவர் எழுதினார். அதுவரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த இரண்டு இறையியலாளர்கள்கூட அவரை எதிர்ப்பதில் ஒன்றாக நின்றார்கள். அறிவிக்கிறார் என்ற பக்கமே பின்னர் சபையின் போதனையானது. தமிழிலோ வழக்கமாக 'நீதிமானாக்கப்படுதல்' என்கிறார்கள்.

"எங்கட பக்கம் சோறு ஆக்குற எண்டுதான் சொல்லுற," என்றேன். "ஆக்கினா அரிசி சோறாயிடும். உங்கட ஆக்கள் அதையா சொல்லுறாங்க?"

அவர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "வெண்ட ஆக்கள் சொன்னது அதில்லை. தோத்தவர் சொன்னதுதான் அது. தமிழ், தோத்தவரின்ரை பக்கம் நிக்குது."

ஆனாலும் அந்தத் தோற்றவருக்கு அவர் முதலில் ஒதுக்கியது ஒரே ஒரு பக்கம். பிழையான போதனை, முடிந்தது என்ற தோரணையில் எழுதியிருந்தார்.

பிறகு ஞானராஜ் விடுதலையாகி வந்தார். சபையைச் சேர்ந்த லொறி ஓட்டுநர். ஓய்வெடுக்காமல் ஓட்டிக் கண்ணயர்ந்து, நெடுஞ்சாலையில் ஒரு தமிழரின் காரில் மோதினார். காரை ஓட்டிவந்தவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். ஞானராஜ் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். திரும்பி வந்தபோது, ஆண்டவரின் மேசையிலிருந்து பகிரும் அப்பமும் இரசமுமான திருவிருந்தை அவருக்குக் கொடுக்கக் கூடாது, கொடுப்பதானால் வேறு நேரத்தில் தனியாகக் கொடுக்கலாம் என்று சபைக் குழு கேட்டது. குழுவின் செயலாளர் ஜெபரத்தினம் கடுமையாகவே பேசினாராம். அக்கா மசியவில்லை. "எடுத்துக் குடுக்கிற கை என்ரை. மேசை என்ரை இல்லை," என்றார். ஞானராஜ் மற்றவர்களோடு வரிசையில் நின்றார். அடுத்த ஞாயிறு முதல் சபையில் பாதிக் குடும்பங்கள் வரவில்லை. வாடகை கட்டமுடியாமல் மண்டபத்தை விட்டு, மீதிப்பேர் வீடுகளில் கூடவேண்டியதாயிற்று.

அவரைப் பாராட்டிய சிலர் இருந்தார்கள். நான் பாராட்டவில்லை. "அவன் சிறைக்குப் போயிட்டு வந்துட்டான், சரி. நீங்களும் சேத்துக்கிட்டீங்க. செத்த மனுசன்ட பொஞ்சாதிக்கு என்ன சொல்லுவீங்க? அந்த வீட்டில என்ன சரியாகிட்டு?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது.

அக்கா, "தெரியாது. போய்க் கேக்கிறன்," என்றார்.

போனார். இறந்தவரின் மனைவி மார்க்கம் என்ற பக்கத்து நகரில் இருந்தார், சைவர். முதல் முறை கதவு திறக்கவில்லை. பிறகொரு நாள் திறந்தது. "அந்த லொறிக்காரர் எந்தக் கோயிலிலை கும்பிட்டாலும் எனக்கு ஒண்டுமில்லை. மன்னிக்கச் சொல்லி மட்டும் கேக்காதேங்கோ," என்று வாசலிலேயே சொன்னாராம். கேட்கமாட்டேன் என்று அக்கா வாக்குக் கொடுத்தார். அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் இறந்துபோனவர் மட்டுமே என்பதையும் அன்றுதான் அறிந்தார். அதன்பின் வியாழக்கிழமைகளில் அந்தப் பெண்ணை வைத்தியரிடமும் கடைகளுக்கும் கூட்டிச்சென்றது ஜெயமலர் அக்காதான். காரில் இருவரும் அதிகம் பேசியதில்லை என்று என்னிடம் சொன்னார். ஞானராஜின் பெயரை ஒருபோதும் எடுத்ததில்லை.

அந்த ஆண்டு குளிரில், தோற்ற இறையியலாளருக்கு ஒதுக்கிய அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, நூலின் மிக நீண்ட அத்தியாயத்தை எழுதினார். தோற்றவர் சொன்ன விடை பிழை என்ற முடிவை மாற்றவில்லை. ஆனால் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை எழுதினார். தீர்ப்பு ஒன்றைச் சொல்லிவிட்டால் போதுமா, மனிதனுக்குள்ளும் அவனைச் சுற்றியும் ஏதாவது மாறவேண்டாமா என்ற அந்தப் பயத்தை நியாயத்தோடு எழுதினார். "தோத்தது அவரின்ரை விடைதான். கேள்வி தோக்கேல்லை," என்றார். நூல் வெளிவந்தது. அதிகம் பேர் வாசிக்கவில்லை. அவர் அதற்காக வருந்தியதாகவும் தெரியவில்லை.

பின்னர் அக்கா நோயில் விழுந்தார். அது முற்றியபின் ஒருநாள் மருத்துவமனையில் நான் இருந்தபோது, சபைக் குழுவில் அவரை எதிர்த்த ஜெபரத்தினம் வந்தார். சூப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே, "பாஸ்ரர் அக்கா, என்னிலை இன்னும் கோவமோ?" என்றார்.

"இருந்தது. இல்லையெண்டால் பொய்," என்றார் அக்கா. "இரும். வேலையிலை இருந்து ரிட்டயராயிட்டீர் எண்டு கேள்விப்பட்டன். வியாழக்கிழமையிலை என்ன செய்யிறனீர்?"

சும்மாதான் இருப்பதாக அவர் சொன்னார். அக்கா அந்தப் பெண்ணின் மார்க்கம் வீட்டு விலாசத்தைச் சொன்னார். "வாசல்லை நிண்டு ஹோர்ன் அடிக்கக் கூடாது. அவவுக்கு அது பிடிக்காது. இறங்கிப் போய்த் தட்டும்."

இறுதிச் சடங்கன்று அந்தப் பெண் ஜெபரத்தினத்தின் காரில் வந்து இறங்கினார். ஞானராஜ் சடங்கு மண்டபத்தின் மறுபக்கத்தில் நின்றார். இருவரும் பேசவில்லை. பேசவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அக்காவுடைய இறையியலில் பாதி இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை. என்னிடம் இருப்பது வேறொன்று. அந்த மேசையில் நாங்கள் பலமுறை சண்டைபிடித்துப் பிரிந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை அவரிடமிருந்து அழைப்பு வரும். சண்டையைப் பற்றி ஒரு சொல் இருக்காது, தன் கருத்தையும் விட்டுக்கொடுத்திருக்கமாட்டார். போன கிழமை என் தம்பியோடு அம்மாவை யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்பதில் பெரிய வாக்குவாதம். இருவருமே கதவை அறைந்துகொண்டு பிரிந்தோம். மறுநாள் காலை நான் அவனை அழைத்தேன். சரி பிழை எதுவும் பேசவில்லை.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன். இல்லை என்றவன், என்னையும் அதையே கேட்டான்.