மூன்று கியரும் ஐந்து கியரும்

கல்லூரி மேடைகளில் எத்தனையோ தலைப்புகளுக்கு வாதாடியிருக்கிறேன். ஆனால் ஆரணியில், எட்டு வயதில் நான் ஏற்று நடத்திய வழக்குக்கு அவை எதுவும் ஈடாகாது!

அம்மாவின் திருமணப் பந்தியில் விழுந்த ஏதோ ஒரு சொல்லுக்காக, சித்தப்பாவும் மாமாவும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அம்மாவைப் பார்க்க மாமா வரும்போதெல்லாம் இருவருக்கும் நடுவில் நான்தான் ஒலிபெருக்கி.

சித்தப்பாவுடையது வெள்ளைக்காரன் காலத்துச் சைக்கிள். அதன் மூன்று கியர்களும் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் ஒளிந்திருக்கும். மாமா மெட்ராசில் வாங்கிவந்ததோ புத்தம்புதியது. ஐந்து பல்சக்கரங்கள் வெளியே பளபளக்கும். செயின் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்!

"பாப்பா, உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, மூணு கியரை வெச்சிகினு மேடு ஏறுறதெல்லாம் அந்தக் காலம்னு."

"உங்க மாமாகிட்ட சொல்லு, குடலை வெளிய தொங்கவுட்டுகினு ஓடற வண்டி ஊர் போய்ச் சேராதுன்னு."

இரண்டடி தூரத்தில் நின்றவர்களுக்கு இடையே நான் சொன்னேனா? முழங்கினேன்! மூன்றைவிட ஐந்து பெரிதல்லவா? மாமாவே வெல்வார் என்று தெருவெல்லாம் பறைசாற்றினேன். வறண்ட ஆற்றிலிருந்து கரைமேட்டுக்கு முதலில் ஏறுபவர் யார்? அதுதான் பந்தயம்.

அன்று காலை இருவரும் தறியைத் துடைப்பதுபோலவே கழிவுப் பட்டு நூலால் சைக்கிளைத் துடைத்தார்கள். நெசவாளர் வீட்டில் துடைக்க வேறென்ன கிடைக்கும்?

புறப்பட்டார்கள்! மணல் தெறித்தது, மாமா முந்தினார், கரைமேல் நின்று நான் குதித்தேன். பாதி மேட்டில் செயின் தாவியது. வண்டி அப்படியே நின்றுவிட்டது! பல்லிடுக்கில் தங்கிய பட்டிழைகள் செயினோடு சுற்றி இறுகிவிட்டன. பட்டு அவ்வளவு எளிதில் அறுந்துவிடுமா? அவரைக் கடந்து ஏறிய சித்தப்பா, உச்சிக்குச் சற்று முன்னால் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் சைக்கிளைப் படுக்கவைத்துவிட்டுக் கீழே இறங்கினார். சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்தார்.

"இழுக்காத மச்சான், இன்னும் இறுகும். பெடலை மெல்லப் பின்னால சுத்து."

"நீ பார்த்து வெட்டு மச்சான். வெரலு போயிட்டா எங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

சித்தப்பா வெடித்துச் சிரித்தார். நான் மூச்சிரைக்க ஓடினேன். "மாமா, சித்தப்பாகிட்ட என்ன சொல்லணும்?"

"ஓரமா நில்லு பாப்பா, வெளிச்சம் மறைக்குது."

ஜெயித்தது யார் என்று கேட்டேன். இருவரும் செயின்மேல் குனிந்து இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அழுதபடி வீட்டுக்கு ஓடி, தீர்ப்பில்லாமல் முடிந்த அநீதியை ஒன்றுவிடாமல் அம்மாவிடம் முறையிட்டேன்.

"சித்தப்பா உங்க மாமாவை என்னான்னு கூப்பிட்டாரு?"

"மச்சான்னு."

"இவன்?"

"மாமாவும் மச்சான்னுதான். அது கெடக்கட்டும்மா, கியர்ல என்ன ஆச்சுன்னா..."

அம்மா கியரைப் பற்றிக் கேட்கவேயில்லை. பந்தயத்தை விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்ப என்னைச் சொல்லவைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தன் தம்பியின் வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டதால் அழுகிறாள் என்றே நான் நினைத்தேன்.