மூஞ்சிக்கல் ஜஹனாராவும் காகிதக்கூழ்க் காதும்

கொடைக்கானல் மூஞ்சிக்கல் கடைத்தெருவில் தஸ்தகீரின் கம்பளிக் கடை எங்கே என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். காதுக்காரம்மா வீடு என்று கேட்டால் டாக்ஸிக்காரர்கள் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். கடையும் வீடும் ஒன்றுதான். கீழே ஸ்வெட்டரும் சால்வையும் விற்கும் தஸ்தகீர். மாடியில் அவர் மனைவி ஜஹனாராவும் அவள் சேர்த்த சாமான்களும்.

முதலில் வந்தது காது. பள்ளிக்கூடம் ஒன்றுக்கு யூனிஃபார்ம் ஸ்வெட்டர் மூட்டையை இறக்கப் போனவள், ஆய்வுக்கூடத்து வராந்தாவில் அது கிடப்பதைப் பார்த்தாள். காகிதக்கூழில் செய்து வண்ணம் பூசிய மனிதக் காது. இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க முடியும். வகுப்பில் பெரிய திரை மாட்டியாகிவிட்டதால் பழைய மாதிரிகளையெல்லாம் வெளியே வைத்திருந்தார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அறிவியல் நடத்தும் அடைக்கலமேரி டீச்சரிடம், இது நனைகிறதே என்றாள் ஜஹனாரா. வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் நாளைக்குக் குப்பை வண்டி என்றார் டீச்சர். தோளில் கிடந்த சால்வையை அதற்குப் போர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் சமையல் தாமதமானது. காதின் ஓரத்தில் சின்னச் சின்னப் பித்தளைக் கொக்கிகள் இருந்தன. ஒன்றை நீக்கினால் ஒரு பாகம் கழன்று வந்தது. உள்ளே ஒரு குகை, அதன் கோடியில் பறைத்தோல் போல ஒரு சவ்வு, அதற்குப் பின்னால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மூன்று எலும்புகள், அதற்கும் உள்ளே நத்தை போலச் சுருண்ட ஒன்று. மகள் ஷாஸியாவுக்குச் சின்ன வயதில் காதுவலி வந்தபோதெல்லாம் சொட்டு மருந்து விட்டவள் அவள்தான். அந்த மருந்து எங்கே போய் நின்றது என்பது இப்போதுதான் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் அவளை விடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மலையில் பழைய பங்களாக்களை வாங்கி ரிசார்ட் ஆக்கும்போது கழித்துப் போடுவதில் ஏதாவது இருந்தால், பழைய சாமான் கடை மலைச்சாமி அவளுக்கென்று எடுத்து வைத்தார். கைப்பிடியைச் சுற்றினால் சூரியனைப் பூமியும் பூமியை நிலாவும் சுற்றி வரும் பித்தளைக் கருவி ஒன்று வந்தது. முள் ‘மழை’ என்ற குறியிலேயே நின்றுபோன பாரோமீட்டர் ஒன்று வந்தது. கொடைக்கானலில் அது பாதி நாள் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், இடுப்பு வரைக்கும் உள்ள மனித உருவம் ஒன்று வந்தது. நெஞ்சைத் திறந்தால் நுரையீரல், வயிற்றைத் திறந்தால் குடல். வீட்டில் உருவம் வைக்கலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். இது பாடம் படிக்கிற சாமான், வேறொன்றுமில்லை என்றாள் அவள். தொழுகிற அறைப்பக்கம் மட்டும் எதுவும் வரக்கூடாது என்று தஸ்தகீர் சொன்னார். அதற்கு அவளும் சம்மதித்தாள். மற்றபடி அவருக்கு இதில் குறை இல்லை. மாடியைப் பார்க்க வருகிற டூரிஸ்டுகள் இறங்கிப் போகும்போது ஒரு மப்ளராவது வாங்கிப் போனார்கள்.

குறை வந்தது ஷாஸியாவைப் பெண் பார்க்க வந்தபோதுதான். ஷாஸியா பி.எட். முடித்திருந்தாள். மாப்பிள்ளை வாசிம், பழனி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பெட்டியும் பையும் விற்கும் இத்ரீஸின் மகன். நல்ல குடும்பம். இந்தச் சம்பந்தம் குடலாலும் ஈரலாலும் கெட்டுப்போய்விடக் கூடாது என்று தஸ்தகீர் பயந்தார். அவருக்காக ஜஹனாராவும் விட்டுக்கொடுத்தாள். எல்லாவற்றையும் உள்ளறைக்குக் கடத்தினார்கள். காதை மேஜைக்கடியில் தள்ளித் துணி போட்டார்கள். அரை உருவத்துக்கு மட்டும் உள்ளறையில் இடம் இல்லை. தஸ்தகீர் கடைக்கு ஓடிப்போய் ஒரு பெரிய ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் எடுத்துவந்து அதற்கு மாட்டி, மூலை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்து வரை கம்பளியைப் போர்த்திவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் மடித்து வைத்த துணிமூட்டை மாதிரி இருக்கும் என்பது அவர் கணக்கு.

பழனிக்காரர்கள் வெள்ளனே கிளம்பி வந்துவிட்டார்கள். கடும் பனி. இத்ரீஸின் மனைவி ஜஹீரா நேராக ஷாஸியா இருந்த அறைக்குள் போய்விட்டாள். வாசிம் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். காது மந்தமான இத்ரீஸ் குளிரில் நடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருந்தது. மூலை நாற்காலியைப் பார்த்து மரியாதையாக ஸலாம் சொன்னார். பக்கத்திலேயே உட்கார்ந்து, மலை ஏறி வந்த வளைவுகளைப் பற்றியும் வாசிமின் நல்ல குணத்தைப் பற்றியும் அந்த உருவத்திடம் சொல்ல ஆரம்பித்தார். டீயோடு வந்த ஜஹனாரா வாசலிலேயே நின்றுவிட்டாள். தஸ்தகீர் அந்தக் குளிரிலும் வியர்த்துக்கொண்டிருந்தார்.

இத்ரீஸ் அவளைப் பார்த்துச் சங்கடத்தோடு சிரித்தார்.

"பெரியவரு என்னமோ சொல்றாருன்னு நெனைக்கிறேன். எனக்குத்தான் காதுல விழ மாட்டேங்குது. கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லுங்கம்மா."

தன் குறை என்று நினைத்து அந்த மனிதர் கூசுவதை ஜஹனாராவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அது பெரியவர் இல்லை, பொம்மை என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார், இத்ரீஸுக்குக் கேட்கவில்லை. கடைசியில் டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, கம்பளியை உருவி ஸ்வெட்டரையும் தூக்கிக் காட்டினாள். சிவப்பு நுரையீரலும் பழுப்பு ஈரலும் மஞ்சள் குடலும் வரிசையாக இருந்தன.

இத்ரீஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்து குடலை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, வாசிம் மாடியேறி ஓடிவந்து முதுகைத் தடவிவிடும்படி ஆயிற்று. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த ஜஹீரா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஷாஸியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இனி எதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று ஜஹனாரா மேஜைக்கடியிலிருந்து காதையும் வெளியே எடுத்தாள். அதைக் கண்டதும் இத்ரீஸின் சிரிப்பு அடங்கியது. கொக்கிகளை அவரே தொட்டுப் பார்த்தார். அப்பாவின் காதில் கடைசி எலும்பு அசையாமல் இறுகிப் போயிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று மதுரையில் டாக்டர் சொல்லியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வாசிம் சொன்னான். ஜஹனாரா ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடி போன்ற அந்தக் குட்டி எலும்பை எடுத்து இத்ரீஸின் உள்ளங்கையில் வைத்தாள். நிஜத்தில் இது அரிசி மணியை விடச் சின்னது என்று விரலைக் குவித்துக் காட்டினாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மூளை எங்கம்மா இருக்கு?"

"மூளை இதுல இல்லீங்க. அது மண்டையோட்டுக்குள்ள தனியா கெடக்கு," என்று அவர் முகத்துக்கு நேராக, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நான் டாக்டர் இல்லீங்க. ஒங்க டாக்டரு சொன்ன எலும்பு எதுன்னு காட்டுறேன், அவ்வளவுதான்."

காதுக்குள் கத்தி போனால் மூளையில் இடிக்கும் என்றுதான் அவர் இத்தனை வருஷமும் பயந்திருந்தாராம். யாரிடமும் சொல்ல வெட்கம். அந்த எலும்பைக் கீழே வைக்க மனமில்லாமல், டீ ஆறும் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கவே எல்லோரும் மறந்துபோனார்கள். திரும்பிப் போகிற வழியில் வாசிம் ஷாஸியாவுக்கு அனுப்பிய செய்தியில்தான் சம்மதம் வந்து சேர்ந்தது.

நிக்காஹ்வுக்கு முன்பே மதுரையில் ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே கேட்கத் தொடங்கிவிட்டது. வாடிக்கையாளர்கள் பேரம் பேசுகிற சத்தம் இவ்வளவு பெரியது என்று தெரிந்திருந்தால் முன்னாடியே கடையை மகனிடம் விட்டிருப்பேன் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிச் சிரித்தார். சொன்னபடியே கடையை வாசிமிடம் விட்டுவிட்டு, அவரும் சாமான் தேடக் கிளம்பிவிட்டார். முதலில் கண்ணின் மாதிரி ஒன்று வாங்கினார். அடுத்து ஒரு பித்தளை நுண்ணோக்கி. அதை ஜஹனாரா ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விருந்துக்கு வந்தவரிடம் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை.

போன குளிர்காலத்தில் மன்னவனூரிலிருந்து ஒரு சேதி வந்தது. ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் சேனாதிபதி தன் மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறார், அவரிடம் நெடுகத் திறந்து பார்க்கிற முழுச் செம்மறியாட்டின் மாதிரி ஒன்று இருக்கிறது என்று ஜீப் டிரைவர் போனில் சொன்னான். ஜஹனாரா முதல் பஸ்ஸைப் பிடித்தாள். கேரட் வயல்களைத் தாண்டி அந்த வீட்டை அடைந்தபோது, வாசலில் பழனி நம்பர் கார் நின்றது. உள்ளே சம்பந்தி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி. வெரசா வந்திட்டீங்க. நான் அதுக்கும் முன்னாலயே வந்திட்டேன்," என்றார் இத்ரீஸ்.

ஆட்டை அவர் பேசி முடித்துவிட்டார். ஜஹனாரா அதன் விலாவைத் திறந்து, நாலு அறை கொண்ட இரைப்பையைப் பார்த்தாள். தேன்கூடு போல ஓர் அறை, புத்தகத்தின் தாள்கள் போல ஓர் அறை. சேனாதிபதி, வெகுநாள் கழித்துக் கேட்க ஆள் கிடைத்த மகிழ்ச்சியில், ஆடு அசைபோடுவதை ஆரம்பத்திலிருந்து விளக்கினார். அவளுக்கு வருத்தம் பாதி கரைந்துவிட்டது. மீதி, ஆட்டைக் காரில் ஏற்றும்போது கரைந்தது. முன் கதவு வழியாக நுழைத்துப் பார்த்தார்கள், பின் கதவு வழியாக நுழைத்துப் பார்த்தார்கள், சீட்டை மடித்தார்கள். நாலு காலையும் நீட்டி நின்ற ஆடு எந்தப் பக்கமும் போகவில்லை. கடைசியில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போகும் லாரி ஒன்றில் மூட்டைகளுக்கு மேல் ஏற்றினார்கள். லாரி மூஞ்சிக்கல் வரைதான் போகும்.

வேன் பிடித்து அனுப்புகிறேன், அது வரைக்கும் உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றார் இத்ரீஸ். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் ஜஹனாரா. அவர் அதற்குப் பிறகு பலமுறை மலைக்கு வந்துவிட்டார், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த ஷாஸியாவுக்குப் பிறந்த பேத்தியைப் பார்க்க, ஆட்டைப் பார்க்க. வேன் இன்னும் வரவில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை.